சாப்பிடுவதற்கு முன் கையெழுத்திடவும்

2009இல் நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வாரம், என் இடத்துக்கு வரவிருந்த அனிதா பொருட்கள் அறையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. எதையும் கேட்காமல் விடமாட்டாள். கீழ்த்தட்டின் மூலையில் தூசி படிந்து கிடந்த பதினொரு பிளாஸ்டிக் கான்களைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மேடம், இவ்ளோ நீலம் எதுக்கு? துணிக்கா, தரைக்கா?"

"சாப்பாட்டுக்கு," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை நீங்களே எழுதி வைங்க மேடம். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள். நான் எழுதினாலும் நம்புவார்களோ தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் இரசாயனம் படிப்பித்தவள். 1984இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் சிட்னிக்கு வந்தேன். என்னுடைய பட்டம் இங்கே சும்மா ஒரு கடதாசிதான் என்று சொன்னார்கள். இரண்டு வருடம் மாலை வகுப்பில் உணவுத் தொழில்நுட்பம் படித்து, 1987இல் பரமட்டாவுக்கு அப்பால் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு தெருவில், பெரிய சமையற்கூடம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு உதவியாளராகச் சேர்ந்தேன். மாநாடுகள், குதிரைப் பந்தய நாட்கள், அலுவலக விருந்துகள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு போகும்.

என் முகாமையாளர் மிஸ்டர் பிரிச்சர்ட். வெள்ளை மேலங்கிக்குள் எந்த நாளும் கழுத்துப்பட்டி அணிந்திருப்பார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் வெப்பமானி வைத்திருப்பார். 'சாப்பாடு' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. எல்லாம் 'உற்பத்தி'தான். நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு உற்பத்தி செய்யும் அந்த மனிதர், மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்.

மரியாதையானவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அவருக்கு ஒரேயொரு பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றுவிடுவார்.

"மிஸ்டர் பிரிச்சர்ட், வெளியே மழை பெய்கிறதா?"

"நாளைக்கு நீதிமன்றத்தில் என்னிடம் அப்படிக் கேட்டால், மிஸஸ் ராஜ், ஜன்னலில் ஈரத்தைக் கண்டேன் என்றுதான் சொல்லுவேன். மழையைக் கண்டேன் என்று சொல்லமாட்டேன்."

இதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் சேருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் குப்பைத் தொட்டிக்குள் கிடந்த முட்டைப் பணியாரம் ஒன்றை யாரோ எடுத்துச் சாப்பிட்டு, வயிற்றைக் குழப்பிக்கொண்டு, ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கடிதம் போட்டிருக்கிறார். கடிதம் மட்டும்தான். வழக்கு வரவேயில்லை. ஆனால் மிஸ்டர் பிரிச்சர்ட் அந்த வழக்குக்கு அன்றிலிருந்து தயாராகிக்கொண்டிருந்தார்.

அந்தத் தயாரிப்பின் பெயர் 'அழிப்பு'. தினமும் பின்னேரம் நாலு மணிக்கு நடக்கும். விற்காமல் மிஞ்சியதை எல்லாம் பின்வாசலுக்குக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். வெப்பநிலை எடுக்க வேண்டும். பெரிய தொட்டியில் கொட்டி, அதன்மேல் நீலச்சாயம் ஊற்றி, துடுப்புப் போன்ற ஒரு கட்டையால் கிண்ட வேண்டும். பிறகு அழிப்புப் படிவத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். நீலமாகிப்போன கோழிக்கறியை எந்தப் பசிக்காரனும் தொடமாட்டான் என்பது கணக்கு.

"எறியப்போகிற சாப்பாட்டுக்கு ஏன் வெப்பநிலை?" என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

"எப்படிப்பட்ட நிலையில் அழித்தீர்கள் என்று கேட்டால் பதில் வேண்டாமா?"

படிவத்தில் 'ஐந்து பாகைக்குக் கீழ்' என்று ஒரு கட்டம் மட்டுமே இருந்தது. ஒருநாள் குளிரறை பழுதாகி எண்பது கிலோ மீன் கெட்டுப்போனது. நாற்றம் தெருவுக்கே அடித்தது. நான் அதை நேரே தொட்டியில் கொட்டி, பதினெட்டுப் பாகை என்று எழுதிவிட்டேன். மிஸ்டர் பிரிச்சர்ட் படிவத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது விதிக்கு உட்படாத அழிப்பு, மிஸஸ் ராஜ்."

அதற்குப் பிறகு, கெட்டுப்போன சாப்பாட்டை முதலில் குளிரவைத்து, அழிப்பதற்குத் தகுதியாக்கி, அதன் பிறகுதான் அழித்தோம். படிவங்களை ஏழு வருடம் பாதுகாத்தோம். சாப்பாட்டை நாலு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதை அழித்த செய்தியை ஏழு வருடம் வைத்திருந்தோம்.

சாயம் கையை விட்டுப் போகாது. கோயிலில் விபூதி வாங்கக் கையை நீட்டினால் ஐயர் ஒருகணம் தயங்குவார். "கொஞ்சம் கொஞ்சமாக் கிருஷ்ணராகிறாய் போல," என்று என் கணவர் பகிடி பண்ணுவார். நானும் சிரிப்பேன். சம்பளம் ஒழுங்காக வந்தது. ஹரிஸ் பார்க்கில் இரண்டு அறை வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். ஊரில் இரு பக்கத்துக் குடும்பங்களும் எங்களை நம்பியிருந்தன. கிண்டச் சொன்னார்கள், கிண்டினேன்.

1992 அளவில் மோரீன் வரத் தொடங்கினார். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். முன்பு பஸ் ஓட்டியவர். எங்கள் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தில் இல்லாதவர்களுக்கு வாரம் ஒருமுறை சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். வியாழன்தோறும் மூன்றரைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கி, கைப்பையோடு பின்வாசலில் நிற்பார்.

"இன்றைக்கு ஏதாவது உண்டா, லெஸ்லி?"

மிஸ்டர் பிரிச்சர்ட்டை முதற்பெயர் சொல்லி அழைத்தவர் அவர் ஒருவர்தான்.

"இல்லை, மோரீன். தர முடியாது. யாருக்காவது ஏதாவது நடந்தால் நாங்கள்தான் பொறுப்பு. தேநீர் குடிக்கிறீர்களா?"

"குடிக்கிறேன்."

தேநீர் தரலாம். அதற்குத் தடை இல்லை. குடித்து முடிக்க நாலு மணியாகிவிடும். அழிப்புக்கு இரண்டாவது சாட்சி தேவை. சாயம் ஊற்றுகிற நான் சாட்சியாக முடியாது. ஆட்கள் வேலை முடிந்து போயிருப்பார்கள். ஒருநாள் மிஸ்டர் பிரிச்சர்ட், மிகவும் தாழ்மையாக, "மோரீன், உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்..." என்று பேனாவை நீட்டினார்.

சாப்பாடு கேட்டு வந்தவர், அந்தச் சாப்பாட்டின்மேல் சாயம் ஊற்றப்பட்டதைக் கண்ணால் கண்டதாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அவர்தான் சாட்சி. தன் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் 'ஷேம்' என்று எழுதிவிடுவார். வெட்கக்கேடு! மிஸ்டர் பிரிச்சர்ட் அதை அடிக்கச் சொல்லவில்லை. "சாட்சி எழுதியதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை," என்றார். ஒரு வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து கணக்காய்வாளர் வந்து படிவங்களைப் புரட்டிவிட்டு, "இந்த மிஸஸ் ஷேம் நல்ல ஒழுங்கான ஊழியர்," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இப்படியே ஒன்பது வருடம்.

சிட்னி ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம், பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. ஒரு கொம்பனி தன் ஆண்டு விழா மதிய விருந்துக்கு இருநூற்று நாற்பது பெட்டி சொல்லியிருந்தது. குளிரவைத்த கோழி, உருளைக்கிழங்கு சலாட், ஒரு பனிஸ், ஒரு துண்டு கேக். கோழி சாப்பிடாதவர்களுக்குக் கத்தரிக்காய். காலை பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. அந்தக் கொம்பனியே இழுத்து மூடப்பட்டுவிட்டதாம். விழாவும் இல்லை, சாப்பிட ஆட்களும் இல்லை.

அவ்வளவும் முதல்தரமான சாப்பாடு. மூன்று பாகைக் குளிரில், மூடி ஒட்டிய பெட்டிகள். குளிரறைக்கு முன்னால் மிஸ்டர் பிரிச்சர்ட் நெடுநேரம் நின்றார். மாலைக்குள் அதில் அரைவாசியைக்கூடத் தொட்டியில் அடக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் அதைத்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"சட்டத்தரணிக்கு அழைத்துப் பார்க்கலாமா என்று நினைக்கிறேன்," என்றார்.

பதினொன்றரைக்கு ஒரு சட்டத்தரணி ரயிலில் வந்து இறங்கினார். இளைஞர், புதுச் சூட். கையில் ஒரு பெட்டி நிறைய படிவங்கள். சாப்பாட்டை இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமாம். ஆனால் சாப்பிடுகிற ஒவ்வொருவரும், சாப்பிடுவதற்கு முன், என்ன நேர்ந்தாலும் கொம்பனியின்மேல் வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். மூன்று பக்கப் படிவம். அதை வாசித்து விளங்கப்படுத்தவும் வேண்டும். மோரீனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மூன்று பக்கம் என்ன, முப்பது பக்கமானாலும் கொண்டு வாருங்கள்," என்று கத்தினார்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு லொறி புறப்பட்டது. மிஸ்டர் பிரிச்சர்ட் நிறுத்தற்கடிகாரத்தை அமுக்கினார். குளிரறையை விட்டு வெளியே வந்த உணவுக்கு நாலு மணி நேரம்தான் ஆயுள். அதற்குமேல் போனால் அழிக்க வேண்டும். இந்த விதியில் எனக்கு அன்றும் மறுப்பில்லை, இன்றும் இல்லை. அழிக்க வேண்டி வரலாம் என்று சாயக் கான் ஒன்றையும் என் காரின் பின்பெட்டியில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

மோரீனின் தேவாலய மண்டபத்தில் மின்விசிறி மட்டும்தான் இருந்தது. செய்தி பரவி இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பூங்காக்களில் படுப்பவர்கள், வாடகை கொடுத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாத குடும்பங்கள், அரசாங்கம் வேலை செய்ய அனுமதிக்காத அகதிகள். சட்டத்தரணி ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். முதலில் வந்த கிழவருக்குக் கண்ணாடி இல்லை. மூன்று பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. முடிந்ததும் அவர், "எனக்குக் காதும் சரியில்லை, தம்பி," என்றார்.

இரண்டாவதாக டெரி. அறுபது வயது, தாடி, வெறுங்கால். படிவத்தை வாங்கிக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டு, கோப்பையில் தேநீரோடு ஆறுதலாக வாசித்தான்.

"ஆறாம் பந்தியில் 'என் வாரிசுகளும்' என்று இருக்கிறது. எனக்கு வாரிசு இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் பொய் சொன்னதாகாதா?"

"ஆகாது. அது வழக்கமான வாசகம்," என்றார் சட்டத்தரணி.

"ஒன்பதாம் பந்தி. 'சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற எனக்கு வாய்ப்பளிக்கப்பட்டது.' இன்னும் அளிக்கப்படவில்லையே?"

"நீங்கள் விரும்பினால் பெறலாம்."

"விரும்புகிறேன். நீங்கள் சட்டத்தரணிதானே?"

"நான் கொம்பனியின் சட்டத்தரணி. உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது."

"அப்படியானால் இதில் கையெழுத்துப் போடலாமா என்று உங்களிடம் கேட்க முடியாது?"

"முடியாது."

"போடச் சொல்லுகிறவர் நீங்கள்தானே?"

சட்டத்தரணியின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பாவம், அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மோரீன் இரக்கப்பட்டு ஒரு பெட்டியை நீட்டினார். அவர் அதைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "இதில் கையெழுத்திடாமல் நான் வாங்க முடியாது. ஆலோசனை பெறாமல் இதில் கையெழுத்திடவும் மாட்டேன்," என்றார்.

"பார்த்தீர்களா!" என்றான் டெரி.

ஒன்றரை, இரண்டு, இரண்டரை. பிள்ளைகள் சட்டப்படி கையெழுத்துப் போட முடியாது. பெற்றோர் போடலாம். ஆனால் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நான் தமிழ் சொல்லலாமா என்று கேட்டேன். நான் கொம்பனி ஆளாம். என் தமிழும் கொம்பனியின் தமிழாம். அது செல்லாது.

வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். பெயர் கலா என்று பிறகு அறிந்தேன். கிளிநொச்சிப் பக்கம். இரண்டு பிள்ளைகள் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் முகத்தைப் பார்த்துத் தமிழ் ஆளென்று அறிந்துவிட்டாள்.

"அக்கா, உது என்ன பேப்பர்?"

"சாப்பாட்டுக்குத்தான் தங்கச்சி. பயப்பிடாதேங்கோ."

"சாப்பாட்டுக்கு ஏன் அக்கா பேப்பர்? எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. உதில கையெழுத்து வைச்சா விசாக்காரர் பிறகு பிழை பிடிப்பினமோ?"

"இல்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"நீங்கள் சொல்லுறியள். ஆனா போன முறையும் சும்மா ஒரு பேப்பர் எண்டுதான் சொன்னவை." அவள் பிள்ளைகளின் கைகளைப் பிடித்தாள். "வேண்டாம் அக்கா. வாறன்."

சின்னவன் திரும்பித் திரும்பி மேசையிலிருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே போனான்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு பாடசாலைக்குள் நாங்கள் அடைபட்டிருந்தபோது, மதிலுக்கு வெளியே இருந்து யாரோ சோற்றுப் பார்சல்களை எறிந்தார்கள். எறிந்தவரின் முகத்தை நான் காணவில்லை. கறி இலேசாகப் புளித்திருந்தது. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. நான் இரண்டு பார்சல் சாப்பிட்டேன். இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. எறிந்த அந்த ஆளுக்கும் எழுந்திராது.

மூன்று மணி பத்து நிமிடம். மிஸ்டர் பிரிச்சர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். இதுவரை கையெழுத்திட்டுச் சாப்பிட்டவர்கள் பத்தொன்பது பேர். மிச்சம் இருநூற்று இருபத்தொரு பெட்டி. இன்னும் ஐம்பது நிமிடம்.

"முடியாது," என்றார் மெல்லிய குரலில். "அழிப்பைத் தொடங்க வேண்டும். மிஸஸ் ராஜ், சாயத்தை எடுத்து வாருங்கள்."

அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். பதினாலு வருடமாக அந்தச் சொல்லுக்கு நான் எழுந்து போயிருக்கிறேன். அன்று நான் எழும்பவில்லை.

"சாயம் கொண்டுவர மறந்துவிட்டேன், மிஸ்டர் பிரிச்சர்ட்."

அவர் என்னைப் பார்த்தார். பின்பெட்டியில் நான் கானை வைத்தபோது பக்கத்தில் நின்றவர் அவர்.

"அப்படியே குப்பையில் போட்டுவிடலாமே," என்றார் சட்டத்தரணி.

"அது நடைமுறை அல்ல," என்றார் மிஸ்டர் பிரிச்சர்ட். பிறகு ஒரு கதிரையில் உட்கார்ந்தார். அவர் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. வழக்கமாக ஒரு நிமிடத்தில் இறங்கிவிடுவார். அன்று இறங்க நேரமெடுத்தது. வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"மிஸஸ் ராஜ், சமையற்கூடத்துக்குப் போய்ச் சாயம் எடுத்து வர எவ்வளவு நேரமாகும்?"

"போக இருபது நிமிடம். வர இருபது நிமிடம்."

"கவனமாக ஓட்டினால்?"

எனக்கு விளங்கிவிட்டது. "ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும்."

"நானும் வருகிறேன். வழி தவறக்கூடாது." சட்டத்தரணியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாருங்கள். சாயம் எடுக்கப்பட்டதற்குச் சாட்சி தேவை." கடைசியாக மோரீனிடம், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மோரீன், இந்தப் பெட்டிகள் கொம்பனியின் சொத்து. நாலு மணிவரை இவற்றில் குறை ஏதும் இல்லை. நாலு மணிக்குப் பிறகு ஒருவரும் தொடக்கூடாது. நாங்கள் வெளியே போவதால் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இந்தப் பக்க அறையின் கதவைத் திறக்க உங்களுக்கு நான் அனுமதி தரவில்லை."

"விளங்குகிறது, லெஸ்லி," என்றார் மோரீன்.

கார் புறப்பட்டது. முதல் திருப்பத்திலேயே பின்பெட்டிக்குள் கான் உருண்டது. களக், களக். அடுத்த திருப்பத்தில் மறுபக்கம் உருண்டது.

"அது உங்கள் மேலதிகச் சக்கரமா, மிஸஸ் ராஜ்?"

"ஓம்... ஆமாம், மிஸ்டர் பிரிச்சர்ட்."

"திரவம் நிரப்பிய வகை போலிருக்கிறது," என்றார், நேரே பார்த்துக்கொண்டு.

பஸ் தரிப்பில் கலா பிள்ளைகளோடு நின்றாள். காரை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கினேன். "தங்கச்சி, திரும்பிப் போங்கோ. இப்ப பேப்பர் ஒண்டும் இல்லை. கெதியாப் போங்கோ!"

அவள் என்னையும், கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு வெள்ளைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மெய்யாவோ அக்கா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"என்ன கேட்டீர்கள்?" என்றார் பின்னாலிருந்து சட்டத்தரணி.

"வழி கேட்டேன்."

"உங்கள் சொந்த வேலையிடத்துக்கா?"

"கவனமாகப் போகச் சொல்லியிருக்கிறேன்," என்றார் மிஸ்டர் பிரிச்சர்ட்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் பெற்றோல் நிரப்பினோம். நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்தோம். சமையற்கூடத்தில் தேநீர் குடித்தோம். சட்டத்தரணிக்கு மிஸ்டர் பிரிச்சர்ட் தன் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தார். அது தனிப்பட்ட சொத்து என்பதால் படிவம் தேவைப்படவில்லை. இன்னொரு கான் சாயத்தை முறைப்படி பதிந்து எடுத்துக்கொண்டு, நாலு மணி இருபதுக்குத் திரும்பி வந்தோம். இப்போது பின்பெட்டியில் இரண்டு கான்கள் ஒன்றோடொன்று மோதின.

மண்டபம் வெறுமையாக இருந்தது. தரை கூட்டியாகிவிட்டது. வெறும் பெட்டிகள் தட்டையாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. மோரீன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"மோரீன், கதவைத் திறக்க வேண்டாம் என்றேனே?"

"நான் திறக்கவில்லை. அதன் பிணைச்சல் உடைந்து மூன்று வருடம். அதை மூடவே முடியாது."

மிஸ்டர் பிரிச்சர்ட் பேனாவை எடுத்து அழிப்புப் படிவத்தை நிரப்பினார். 'அழிப்பு முறை' என்ற இடத்தில், 'நேரில் காணப்படவில்லை' என்று எழுதினார். 'எஞ்சியது' என்ற இடத்தில், 'எதுவுமில்லை'. சட்டத்தரணி அதை இரண்டு முறை வாசித்தார். பொய் ஒன்றும் இல்லை. இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்திட்டார்.

அடுத்த மூன்று நாட்களும் மிஸ்டர் பிரிச்சர்ட் காலையும் மாலையும் மோரீனுக்குத் தொலைபேசி எடுத்தார். "யாருக்காவது வயிற்றுக் குழப்பம்?" இரண்டாம் நாள் ஒருவருக்கு வயிற்றுவலி என்று தெரிந்ததும் அவருடைய முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நாங்கள் இருவரும் ஓடினோம். ஆள் டெரி. மண்டப வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

"என்ன சாப்பிட்டாய்?" என்றார் மிஸ்டர் பிரிச்சர்ட்.

"கோழி."

"எத்தனை பெட்டி?"

டெரி யோசித்தான். "இதற்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டுமா?"

நாலு பெட்டி சாப்பிட்டிருந்தான். இஞ்சித் தேநீர் குடித்து எழும்பிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து நகரத்திலிருந்த தலைமை அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மிஸ்டர் பிரிச்சர்ட்டுக்கு ஓய்வுபெறக் கொஞ்ச வருடம்தான் மிச்சம். எனக்கோ கணவருடைய வேலை போய் நாலு மாதம், மகள் பல்கலைக்கழகத்தில். போவதற்கு முதல்நாள் நான் சமைக்கக்கூட இல்லை. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்று மண்டபத்தில் சாயம் உங்களிடம் இருந்ததா?"

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் வேலை போகும்.

"அந்தக் கேள்வி எனக்குரியது," என்றார் மிஸ்டர் பிரிச்சர்ட்.

எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. "சாயம் இருந்தது. அதை ஏற்றியபோது கண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டேன். ஐந்து லீற்றர்க் கான், முக்கால்வாசி நிறைந்தது. முழுதாக நிறைந்திருந்தால் சத்தம் வராது. இருப்பது தெரிந்துகொண்டே அதை எடுத்துவரப் போகச் சொன்னேன். கட்டளை என்னுடையது."

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"முப்பது வருடமாக, என்ன செய்தாலும், அதைப்பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவேன் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் செய்திருக்கிறேன். அந்த ஆட்களுக்கு முன்னால் சாயத்தை ஊற்றினால் என்ன சொல்லுவேன் என்று யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. இப்படிச் செய்ததற்குக் கிடைத்தது."

அவரைச் சமையற்கூடத்திலிருந்து எடுத்து, ஊழியர்களின் சீருடை அளவு பார்க்கும் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே உறையில் இன்னொரு கடிதம், அவருடைய பதவியை எனக்குத் தந்து. அழிப்பு நடைமுறையை முழுதாக அறிந்தவர் வேறு யாரும் இல்லையாம்.

நான் அந்தப் பதவியை ஏற்றேன். அதற்குப் பிறகு நாலு வருடம், தினமும் நாலு மணிக்கு, நானேதான் சாயம் ஊற்றினேன். இதை அனிதாவிடம் சொன்னபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கிடையில் விக்டோரியா மாநிலம் சட்டத்தை மாற்றிவிட்டது. நல்லெண்ணத்தோடு, இலவசமாக, கொடுக்கும்போது நல்ல நிலையில் இருந்த உணவைக் கொடுத்தால் கொடுத்தவர்மேல் பழி வராது. எங்கள் கொம்பனிக்கு மெல்பேர்னில் ஒரு கிளை இருந்தது. அங்கே என் வேலையைப் பார்த்தவர் தொலைபேசியில், "இன்றைக்கு அறுபது பெட்டி கொடுத்தோம், நீங்கள்?" என்பார். அதே சமையல் குறிப்பு, அதே பெட்டி. மாநில எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அது தானம். இந்தப் பக்கம் அபாயம்.

2005இல் எங்கள் மாநிலத்துக்கும் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த பிறகு வந்த முதல் வியாழன், மூன்றரைக்கு, மோரீன் பின்வாசலில் நின்றார். எழுபதைத் தாண்டிவிட்டார்.

"ஏதாவது உண்டா?"

"உண்டு," என்றேன். "ஆறு ஐஸ் பெட்டி நிறைய இருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார், தன் கைப்பையைப் பார்த்தார். பதின்மூன்று வருடம் கேட்டு வந்தவர், ஒருநாள்கூட எடுத்துப்போக ஒரு வண்டி கொண்டு வந்ததில்லை. யோசித்ததுமில்லை. மூன்று ஐம்பது பஸ் வந்தது. அந்தச் சாரதி அவரிடம் பழகியவன். ஆறு ஐஸ் பெட்டிகளையும் ஏற்றினோம். இடமில்லாமல் பயணிகள் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டார்கள். உணவை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று கொடுப்பவர் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது. நான் பஸ்ஸின் முன்படியில் ஏறி நின்று, "மூடியைத் திறக்காதேயுங்கள், வெயில் படாமல் வையுங்கள், ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும்," என்று உரத்து வாசித்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முப்பது பேர் தலையாட்டினார்கள்.

அன்று மாலை மிஸ்டர் பிரிச்சர்ட்டின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் ஒரு கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"முழுவதையும் வாசியுங்கள், மிஸஸ் ராஜ். ஒரு சொல்லையும் விடாமல்."

வாசித்தேன். நல்லெண்ணம் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். விதிவிலக்குகளை இரண்டு முறை கேட்டார்.

"கொடுத்தவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது," என்றார். "கொடுக்காமல் இருந்தவர்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் தாளைத் திருப்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, விரலை வைத்துத் தேடிப் பார்த்தேன்.

"இல்லை, மிஸ்டர் பிரிச்சர்ட்," என்றேன். "எங்களைப் பற்றி ஒன்றும் இல்லை."